ஒன்பதாவது பாட்டில்

சுகாதார இன்ஸ்பெக்டருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊரில் பாதிப் பேருக்கு அவரைக் கண்டால் பயம், மீதிப் பேருக்கு எரிச்சல். டீக்கடையில் கழுவாத டம்ளரைப் பார்த்தால் கடையை மூடு என்பார். தெருவில் ஒரு காகிதம் கிடந்தால் அது யார் வீட்டுக் காகிதம் என்று துருவித் துருவிக் கண்டுபிடித்து, அந்த வீட்டுக்காரரையே கூப்பிட்டுக் குனிய வைப்பார். 'குப்பை இன்ஸ்பெக்டர்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அது அவர் காதிலும் விழும். உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஆறு மாதமாக ஒரு தொல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒண்ணுக்கை அடக்க முடிவதில்லை. அந்த வயதில் ஆண்கள் பலருக்கும் வருவதுதான். டாக்டரிடம் போனால் மாத்திரை கொடுப்பார். இவர் போகவில்லை. தனக்கு ஒரு குறை இருக்கிறது என்று இன்னொருத்தர் முன்னால் உட்கார்ந்து சொல்வது அவர் சுபாவத்திலேயே கிடையாது. மனைவிக்கு மட்டும் தெரியும். அவளும் முழங்கால் வலி என்று இந்தப் பயணத்துக்கு வராமல் நின்றுவிட்டாள்.

மகளுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். மாப்பிள்ளைதான் ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, ரெண்டு குடும்பமும் சேர்ந்து மூன்று நாள் ஊர் சுற்றலாம் என்று கிளப்பிவிட்டான். வண்டியையும் அவனே ஓட்டினான். பக்கத்து சீட்டில் அவனுடைய அப்பா, கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். வேன் நகர ஆரம்பித்தால் அவருக்குத் தொட்டில் ஆட்டினது போல. கண்ணை மூடினால் இறங்கும் இடத்தில்தான் திறப்பார். நடு சீட்டில் மகளும் அவளுடைய மாமியாரும். மாமியார் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ், இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஒரே நேரத்தில் முப்பது நோயாளிகளுக்குக் கேட்கும்படி பேசிப் பேசி, மெதுவாகப் பேசுவது எப்படி என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. பின் சீட்டில் பெட்டிகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் நடுவில் நம் இன்ஸ்பெக்டர். காலை நீட்டிக்கொள்ள வசதி என்று அவரேதான் அங்கே உட்கார்ந்தார்.

இரண்டாம் நாள் தேசியப் பூங்கா. விடுதியிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். வழியில் இன்ஸ்பெக்டர் ஒரு கதை சொன்னார். மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஒரு மிட்டாய்த் தாளைப் போட்டுவிட்டாளாம். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, கொளுத்துகிற வெயிலில் அரை மைல் திரும்ப நடத்திக் கூட்டிப்போய், அந்தத் தாளை அவள் கையாலேயே பொறுக்க வைத்தாராம்.

"அன்னியிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் எம் பொண்ணு ஒரு துணுக்குக் குப்பை கீழ போட்டதில்ல, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை சிரித்தான். மாமியார், "அப்ப எங்க வீட்டைப் பெருக்குற வேலை மிச்சம்" என்றாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"இந்தக் கதையை எத்தனை தடவைதான்பா சொல்வீங்க?"

அதற்குள் இன்ஸ்பெக்டர் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லியாகிவிட்டது. ஒரு முறை டீ குடிக்கலாம் என்றார், ஒரு முறை டயரில் ஏதோ சத்தம் என்றார். பூங்கா வாசலில் இறங்கியதும் மூன்றாவது முறையாகக் கழிப்பறைப் பக்கம் வேகமாக நடந்தார். திரும்பி வரும்போது மாமியாரின் குரல் நுழைவு வரிசை முழுவதற்கும் கேட்டது.

"என்ன சம்பந்தி, வண்டிக்கு ஒரு தடவை டீசல் போட்டாப் போதும். உங்களுக்குத்தான் அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கு போல!"

வரிசையில் நின்ற யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த அம்மாள் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. வார்டில் நாள் முழுக்க அதே பேச்சுதான், யார் போனார்கள், யார் போகவில்லை என்று. ஆனால் இன்ஸ்பெக்டருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. இனி இந்த வண்டியை விட்டு அதற்காக இறங்குவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார். உடம்பு என்ன, அவருடைய ஆபீஸ் பியூனா, சொன்னபடி கேட்க?

வாசலில் காக்கிச் சட்டை போட்ட காவலர் பெண் ஒருத்தி வேனுக்குள் ஏறி, பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணினாள். ஒன்பது. ஒவ்வொன்றிலும் வண்டி எண் எழுதிய ஸ்டிக்கரை ஒட்டினாள்.

"உள்ள கொண்டுபோற ஒன்பதும் வெளிய வரணும். ஏரிக்கரையைத் தவிர எங்கயும் எறங்கக் கூடாது. மிருகம் குறுக்க வந்தா எஞ்சினை அணைச்சுட்டு சத்தமில்லாம இருங்க."

இன்ஸ்பெக்டருக்கு அவள் மேல் மரியாதையே வந்துவிட்டது. இறங்கிப் போய் அவளிடம், தான் யார், என்ன உத்தியோகம் என்று சொல்லி, "நாட்டுல எல்லாரும் உன்னை மாதிரி இருந்துட்டா எனக்கு வேலையே இருக்காதும்மா" என்று பாராட்டிவிட்டு வந்தார்.

பூங்கா நன்றாகத்தான் இருந்தது. மான்கள் கூட்டமாக நின்று வேனைப் பார்த்தன. ஒரு கழுகு காய்ந்த மரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு யாரையும் சட்டை செய்யவில்லை. மாமியார் எதைப் பார்த்தாலும் கணவரின் தோளைத் தட்டி எழுப்பினாள். அவர் "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார்.

பன்னிரண்டு மணிக்கு ஏரிக்கரை. அங்கே சுத்தமான கழிப்பறை ஒன்று இருந்தது, இன்ஸ்பெக்டர் நின்ற இடத்திலிருந்து இருபது எட்டு நடந்தால் போதும். எல்லோரும் போய்விட்டு வந்தார்கள். மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கேட்டாள்.

"நீங்க போகலையா சம்பந்தி? இனிமே வெளிய போற வரைக்கும் எறங்க விடமாட்டாங்களாம்."

"எனக்கு ஒண்ணும் அவசியமில்ல" என்று ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவசியம் இருந்தது. அவள் கண்ணெதிரே அந்த இருபது எட்டு நடப்பதுதான் முடியவில்லை. இன்னும் ஒரு மணி நேரம்தானே, சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

யானைகளுக்கு அவருடைய கணக்குத் தெரியாது. ஏரியைத் தாண்டி பாதி தூரத்தில், இரண்டு பெரிய யானைகளும் ஒரு குட்டியும் சாலையின் நடுவில் நின்றுகொண்டிருந்தன. மாப்பிள்ளை எஞ்சினை அணைத்தான். குட்டி சாலையிலேயே படுத்துவிட்டது. தாய் அதை எழுப்புவதாக இல்லை. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. வேனுக்குள் எல்லோரும் முன் கண்ணாடிப் பக்கம் எக்கி நின்றுகொண்டிருந்தார்கள். கடிகாரக்காரர்கூட விழித்துக்கொண்டு, "குட்டி என்னை மாதிரியே இருக்கு" என்றார்.

இன்ஸ்பெக்டர் யானையைப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் போட்டு, நெற்றியெல்லாம் வியர்த்து உட்கார்ந்திருந்தார். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பெண்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள், ஏதாவது வழி பிறந்திருக்கும். சொல்லவில்லை. அடிவயிற்றில் கத்தி வைத்தாற்போல் ஒரு வலி வந்தபோது, காலியாகக் கிடந்த ஒரு பாட்டிலை எடுத்தார். மடியில் துண்டை விரித்துக்கொண்டார். முன்னால் நாலு பேரின் முதுகு, அதற்கு முன்னால் யானை. சத்தம் கேட்காமல் இருக்க விட்டு விட்டுப் போக வேண்டியிருந்தது. முடிந்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. வலி தீர்ந்த நிம்மதி பாதி. ஊரையே ஆட்டிவைத்த மனிதன் சம்பந்தி வீட்டாரின் முதுகுக்குப் பின்னால் இப்படி ஒளிந்துகொண்டு உட்கார வேண்டியதாயிற்றே என்ற கேவலம் பாதி.

மூடியை இறுக்கினார். பாட்டில் கையில் சுட்டது. இதை எங்கே வைப்பது? கீழே வைத்தால் உருண்டு முன்னால் போகும். பெட்டிக்குள் வைக்கலாம் என்றால் பெட்டி மாப்பிள்ளையுடையது. விடுதியில் வேனைக் காலி செய்யும்போது மாமியார் கையில் கிடைத்தால்? ஜன்னல் கண்ணாடியை ஓரடி நகர்த்தினார். பக்கத்துப் புதருக்குள் பாட்டிலை நழுவவிட்டார். ஸ்டிக்கர் நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் போட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கையை உள்ளே இழுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மகளின் தலை அப்போதுதான் முன்பக்கம் திரும்பினாற்போல் இருந்தது. பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை. அவள் யானையைக் காட்டி, "அத்தை, எழுந்துருச்சு பாருங்க" என்றாள்.

வெளிவாசலில் மணி இரண்டே கால். காலையில் பார்த்த அதே காவலர் பெண்தான் இங்கேயும் நின்றாள். ஏறினாள், எண்ணினாள், மறுபடி எண்ணினாள்.

"எட்டுதான் இருக்கு. ஒண்ணு எங்க?"

சீட்டுக்கு அடியில் தேடினார்கள், பைகளைக் கவிழ்த்தார்கள். இன்ஸ்பெக்டரும் சேர்ந்து தேடினார். குனிந்து, டார்ச் அடித்து, பெட்டிகளை நகர்த்தி, மற்ற எல்லோரையும்விட அதிகமாகத் தேடினார்.

"தூக்கத்துல தூக்கிப் போட்டுட்டீங்களா?" என்று மாமியார் கணவரைக் கேட்டாள்.

"நான் கையைக்கூட அசைக்கலையே" என்றார் அவர் பாவமாக.

காவலர் பெண் கோபப்படவில்லை. "அபராதம் கட்டிட்டுப் போயிடலாம்னு நெனைக்காதீங்க. இங்க அபராதம் கிடையாது. போட்டவங்க நான்தான்னு சொல்லணும், எங்கூட வந்து எடத்தைக் காட்டணும், பதிவேட்டுல பேரை எழுதணும். அடுத்த அஞ்சு வருஷம் அவங்களுக்கு உள்ள அனுமதி இல்ல. அவ்வளவுதான். யாரு போட்டீங்க?"

அவள் பார்வை ஒவ்வொருவராகத் தாண்டிப் பின் சீட்டுக்கு வந்து நின்றது. காலையில் பாராட்டிவிட்டுப் போன மனிதர் என்பதால் கொஞ்சம் மரியாதையாகவே கேட்டாள்.

"சார், பாட்டில் எல்லாம் உங்க பக்கத்துலதானே இருந்துது?"

அது அவருக்குக் கிடைத்த வாய்ப்பு. கதவைத் திறந்து வைத்து வா என்று கூப்பிட்டாற்போல் இருந்தது. அவர் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"நான் பெட்டிங்களைப் பாத்துட்டு இருந்தேன். எனக்குத் தெரியலை." அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. முப்பது வருஷ உத்தியோகம் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "ஆனா யாரு போட்டிருந்தாலும் தப்பு தப்புதான். தைரியமா ஒத்துக்கணும். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே."

தன் குரல் தனக்கே கேட்டது. எத்தனையோ பேரை நிற்க வைத்துப் பேசிய அதே குரல்.

"நான்தான் போட்டேன்" என்றாள் மகள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போட்டீங்க? ஞாபகம் இருக்கா?"

"யானை நின்ன எடத்துல. இடது பக்கம், புதருக்குள்ள."

பார்த்திருக்கிறாள். இன்ஸ்பெக்டருக்குக் காதுமடல் வரை சூடு ஏறியது. இல்லை, அவள் போடவில்லை என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஒரு மூச்சு விடும் நேரம் போயிற்று, இன்னொரு மூச்சு போயிற்று. அதற்குள் காவலர் பெண் கதவோரம் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளையிடம் வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாள்.

போகிற வழியெல்லாம் மகளுக்குத் திட்டு. மாப்பிள்ளை, "உனக்கென்ன கிறுக்கா? படிச்சவதானே நீ?" என்றான். நாலு மாதத்தில் அவன் அவளிடம் அப்படிப் பேசி இன்ஸ்பெக்டர் கேட்டதில்லை. மாமியார் அதற்கு மேல்.

"காலையிலதான் உங்கப்பா பெருமையாச் சொன்னாரு, துணுக்குக் குப்பை போடமாட்டான்னு. அவரு மானத்தையாவது நெனைச்சுப் பாத்தியா? பாவம், பேச்சு மூச்சில்லாம உக்காந்திருக்காரு பாரு."

"தப்புதான் அத்தை" என்றாள் மகள்.

அந்த 'பாவம்' என்ற சொல் பின் சீட்டில் வந்து விழுந்தது. இன்ஸ்பெக்டர் கூனிக்குறுகிப்போய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த வளைவு வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். வளைவு வந்தது, போயிற்று. பாட்டில் கிடைக்காமல் போனால் நல்லது, யானை மிதித்து நசுக்கியிருந்தால் இன்னும் நல்லது என்று ஆசைப்பட்டார். பெற்ற மகள் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போது, யானை மிதித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற அப்பனை என்ன சொல்வது? ஈனம் என்று அவரே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டும் சும்மாதான் இருந்தார்.

யானை மிதிக்கவில்லை. காவலர் பெண் ஒரு கோலால் புதரை விலக்கி எடுத்துக்கொண்டு வந்தாள். கையை நீட்டி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். முக்கால் பாட்டில், வெயிலில் மஞ்சளாகத் தெரிந்தது.

"ஜூஸா அது?" என்றான் மாப்பிள்ளை.

"ஆமா" என்று மகள் வெடுக்கென்று சொல்லி வாங்கிக்கொண்டாள். "நல்லா இல்ல, அதான் போட்டுட்டேன்."

மாமியார் பாட்டிலைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் வார்டில் இருந்தவளுக்கு ஒரு பார்வை போதும். மருமகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரின் கண்ணை நேராகவே பார்த்தாள். அவருக்குப் பார்வையைத் தாழ்த்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இப்போது வெடிக்கும் என்று காத்திருந்தார். வெடிக்கவில்லை. அத்தனை பெரிய குரல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மருமகளின் மடியிலிருந்து பாட்டிலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை, வேணாம்..."

"இருக்கட்டும்மா. எனக்கு இது பழகினதுதான்."

மகள் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் இரண்டு தடவை குலுங்கியதை இன்ஸ்பெக்டர் பார்த்தார். மாமியார் ஒரு கையால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மருமகளின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். திட்டு நின்றுபோயிருந்தது. திட்டிக்கொண்டே இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது இன்ஸ்பெக்டருக்கு.

வாசல் அறையில் ஒரு மேசை, அதன் மேல் கனத்த பதிவேடு. மாமியார் பாட்டிலை அதன் பக்கத்தில் வைத்தாள். காவலர் பெண் கணக்கைச் சரிபார்த்து, ஒன்பது என்று டிக் அடித்துவிட்டு, பேனாவைத் திறந்தாள். மகள் பேரைச் சொன்னாள். அவள் எழுதினாள்.

"அப்பா பேரு, இல்லன்னா வீட்டுக்காரர் பேரு. ஏதாவது ஒண்ணு போதும்."

மகள் பேனா முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்ஸ்பெக்டர் அவளுக்கு இரண்டு எட்டு பின்னால் நின்றுகொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து எத்தனை விண்ணப்பத்தில், எத்தனை சான்றிதழில் யோசிக்காமல் சொன்ன பேர். அதை இங்கே சொல்ல முடியாமல் அவள் தடுமாறுவது அவருக்குப் புரிந்தது. அப்பா பேர் இந்தப் புத்தகத்தில் வரக் கூடாது என்று பார்க்கிறாள்.

"எம் பையன் பேரையே எழுதும்மா" என்றாள் மாமியார். "அவ எங்க வீட்டுப் பொண்ணு. வர்ற பேச்சு எங்களுக்கே வரட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. காவலர் பெண் எழுதி முடித்துக் கோடு இழுத்தாள். அப்போதுதான் இன்ஸ்பெக்டருக்குக் குரல் வந்தது, அதுவும் பாதி உடைந்து.

"அவ போடல. நான் போட்டேன். அது ஜூஸ் இல்ல. என்னோடது. என்னால அடக்க முடியல... எனக்கு ஆறு மாசமா இப்படித்தான்."

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். முதலில் மாமனாரை, பிறகு மேசை மேலிருந்த பாட்டிலை, கடைசியில் மனைவியை. ஏதோ சொல்ல வந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். கடிகாரக்காரர் வாசல் பக்கம் நகர்ந்து, வெளியே எதையோ பார்க்கிறவர் போல நின்றுகொண்டார்.

"என் பேரை எழுதுங்கம்மா. அவ பேரை அடிச்சுடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுதினதை அடிக்கக் கூடாது சார். உங்களுக்குத் தெரியாததா?" காவலர் பெண் பதிவேட்டை மூடினாள். "நான்தான் முதல்லயே உங்களைக் கேட்டேனே."

அவர் மகளிடம் திரும்பினார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல், "விடுங்கப்பா. வாங்க, நேரமாகுது" என்று சொல்லிவிட்டு வேனை நோக்கி நடந்தாள்.

வேனில் பின் சீட்டுக்குப் போகக் குனிந்தவரை மாமியார் தடுத்தாள். நடு சீட்டில் கதவோரம் கையைக் காட்டிவிட்டு, பெட்டிகளுக்கு நடுவே தான் போய் உட்கார்ந்துகொண்டாள். மகளுக்குப் பக்கத்தில் அவர் ஒடுங்கி உட்கார்ந்தார். வண்டி கிளம்பி, பூங்கா மதில் முடிந்து, பெரிய சாலைக்கு வந்தது. பின்னாலிருந்து மாமியார் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள். அவளுக்கு மெதுவாகவும் பேச வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எங்க நிறுத்தணும்னாலும் நிறுத்தலாம் சம்பந்தி. பத்து தடவைன்னாலும் சரி, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். காலையில கேலி பண்ணினது எந் தப்பு. ஆனா வேணும்ங்கிறதை நீங்களே சொல்லிடுங்க. உங்களுக்காக இனிமே அவ சொல்ல வேணாம்."